அன்றாடப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிள் பூட்ஸ்: தேர்ந்தெடுக்கும் முறை

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தன் 129-ஆம் பிரிவில் இரு சக்கர வாகனம் ஓட்டுவோரின் தலைக்கவசத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, காலில் அணிய வேண்டியதைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே காலணி முழுக்க முழுக்க ஓட்டுபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலைகளில் அவ்விருப்பம் பெரும்பாலும் செருப்பாகவே இருக்கிறது. பூட்ஸ் வாங்க முன்வருபவர்களிலும் பலர் முதலில் தோற்றத்தையும், அடுத்து தண்ணீர் புகாத தன்மையையும், பின்னர் விலையையும் பார்த்துவிட்டு, கால் எவ்வாறு அடிபடுகிறது என்ற கேள்வியைக் கடைசியாகவே எழுப்புகின்றனர். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே சரியான தேர்வுக்கு வழி: பூட்ஸ் காலை விட்டுக் கழலக் கூடாது, நசுங்கக் கூடாது, முறுகக் கூடாது, தேய்ந்து கிழியக் கூடாது, இந்த நான்கும் உறுதியான பிறகே வெயிலையும் மழையையும் பற்றி எண்ண வேண்டும்.

வரிசைக்கான காரணம் பாதத்தின் அமைப்பில் இருக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் மேல் தோலைத் தவிர மூடுசதை என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பு முனைகளுக்கோ அதுவும் இல்லை. வண்டி பக்கவாட்டில் சாயும்போது, வேகம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கீழ்ப்பக்கக் கால் வண்டிக்கும் சாலைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளக்கூடும். அந்நிலையில் வண்டி சிறிது தூரம் இழுபட்டால், பாதம் ஒரு பக்கமும் முழங்கால் இன்னொரு பக்கமும் திரும்பிக் கணுக்கால் முறுகுகிறது. 100 சிசி வகை வண்டிகளுள் பரவலாக ஓடும் ஸ்பிளெண்டரின் எடையே ஏறத்தாழ 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. சிக்னலில் நிற்கும்போது சாய்ந்தாலும் காலின் மேல் இறங்குவது இந்த எடைதான் என்பதால், அன்றாடப் பயணம் குறைந்த வேகத்தில் நடக்கிறது, ஆகவே பூட்ஸ் தேவையில்லை என்ற வாதம் நிற்பதில்லை.

முதற்படி: முத்திரையை வாசித்தல்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கான காலணிகளுக்கென்றே ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட தரநிலை ஈ.என். 13634 ஆகும். இத்தரநிலைப்படி சோதிக்கப்பட்ட பூட்ஸின் உட்புறத்திலோ நாக்குப் பகுதியிலோ தைக்கப்பட்டிருக்கும் துணிச்சீட்டில், சி.ஈ. முத்திரையுடன் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் சிறு உருவமும், அதனுடன் 1 அல்லது 2 என்ற நான்கு இலக்கங்களும் காணப்படும். 2017-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி முதல் இலக்கம் பூட்ஸின் உயரத்தைக் குறிக்கிறது. 1 என்றால் கணுக்காலை மூடும் குட்டையான வகை, 2 என்றால் கெண்டைக்கால் நோக்கி உயர்ந்த வகை. இரண்டாவது இலக்கம் சாலையில் உராய்ந்து தேய்வதைத் தாங்கும் திறனையும், மூன்றாவது கூரிய விளிம்பு கிழிப்பதைத் தாங்கும் திறனையும், நான்காவது பக்கவாட்டு அழுத்தத்தில் நசுங்காத உறுதியையும் குறிக்கின்றன.

உராய்வுச் சோதனையில், ஓடும் உராய்வுப் பட்டையின் மீது பொருளை அழுத்தி, அது ஓட்டை விழாமல் எத்தனை நொடி தாங்குகிறது என்று பார்க்கின்றனர். அதிக ஆபத்துள்ள பகுதிகளுக்கு முதல் நிலையில் 5 நொடியும் இரண்டாம் நிலையில் 12 நொடியும் தேவை. நான்காவது இலக்கத்துக்கான சோதனையில் பூட்ஸைப் பக்கவாட்டில் வைத்து, அகலவாக்கில் 20 மில்லிமீட்டர் நசுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அளக்கின்றனர். முதல் நிலைக்கு 1 கிலோநியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடை அழுத்துவதற்கு ஈடான விசை, இரண்டாம் நிலைக்கு 1.5 கிலோநியூட்டன். நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு இந்த நான்காவது இலக்கமே மிகவும் பயன்படும் என்று கருத இடமுண்டு. ஏனெனில் நீண்ட தூரம் சறுக்கிச் செல்வது வேகமான சாலைக்கு உரியது, வண்டிக்கு அடியில் கால் மாட்டுவதோ எந்தச் சாலையிலும் நிகழக்கூடியது.

இலக்கங்களுக்கு அருகில் சில எழுத்துகளும் இருக்கலாம். ஐ.பி.ஏ. என்பது கணுக்காலில் மோதல் தாங்கும் பட்டைகள் உள்ளதையும், ஐ.பி.எஸ். என்பது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மீது அத்தகைய காப்பு உள்ளதையும், டபிள்யூ.ஆர். என்பது தண்ணீர் புகுவதைத் தடுப்பதையும், எஃப்.ஓ. என்பது எரிபொருளாலும் எண்ணெயாலும் சோல் கெடாததையும் தெரிவிக்கின்றன. இவை கட்டாயமல்லாத கூடுதல் சோதனைகள் என்பதால், கணுக்கால் பட்டை தனியே சோதிக்கப்படாத பூட்ஸும் நான்கு இலக்கங்களைப் பெற்றிருக்க முடியும். இத்தகவலை விற்பனையாளர் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே ஐ.பி.ஏ. என்ற எழுத்துகளைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது. சி.ஈ. முத்திரை மட்டும் இருந்து தரநிலை எண் இல்லாவிட்டால், அந்த முத்திரை எதற்கானது என்று கேட்டறியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் படி: கையால் சோதித்தல்

முத்திரை இல்லாத பூட்ஸும், ‘ரைடிங் ஷூ’ என்ற பெயரில் விற்கப்படும் சாதாரணக் காலணிகளும் சந்தையில் ஏராளம் என்பதால், கையால் செய்யக்கூடிய சில சோதனைகளை அறிந்திருப்பது அவசியம். குதிகாலைச் சுற்றியிருக்கும் கடினமான கிண்ணம் போன்ற பகுதியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்தினால் அது குழிந்துபோகக் கூடாது. பூட்ஸின் முனையை ஒரு கையாலும் குதிகாலை மறு கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கினால், அது சிறிதளவே வளைந்து எதிர்க்க வேண்டும். சுலபமாகத் திருகிக்கொள்ளும் பூட்ஸுக்குள் இருக்கும் கணுக்காலும் அதே சுலபத்துடன் திருகும். சோலின் நடுப்பகுதியை இரு பக்கமும் அழுத்தும்போது அகலவாக்கில் அது மடங்கக் கூடாது. இந்த உறுதியைத் தருவது, சோலுக்குள் பதிக்கப்பட்டிருக்கும் எஃகு அல்லது நைலான் தகடு. காலணித் தொழிலில் இதை ஷாங்க் என்பர். கணுக்கால் பட்டை உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் இருக்கிறதா, அணிந்த பின் எலும்பு முனைகளுக்கு நேராக அமைகிறதா என்பதையும் தடவிப் பார்க்க வேண்டும். பட்டை ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தாலே அதன் பயன் பெருமளவு போய்விடுகிறது.

மேற்பகுதித் தோலைப் பொறுத்தவரை, மேற்படலம் சீவப்படாத முழுத்தோல் உராய்வை நன்கு தாங்கும். துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய ரெக்சின் வகைகள் பார்வைக்குத் தோல் போலவே இருந்தாலும் உராயும்போது விரைவில் கிழிந்துவிடும். ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் பதனிடப்படும் தோல் உலகச் சந்தைக்குச் செல்லும் தரமுடையதுதான். எனினும் அலுவலகக் காலணிக்கென மென்மையாகவும் மெல்லியதாகவும் ஆக்கப்பட்ட தோலை, தரம் உயர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக மோட்டார் சைக்கிள் பூட்ஸுக்கு ஏற்றதாகக் கொள்ள முடியாது.

இவ்விடத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணியைப் பற்றியும் கூற வேண்டும். ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதிப்படி செய்யப்படும் இக்காலணியின் விரல் முனைக் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். மேலிருந்து பொருள் விழும் ஆபத்துக்காக அமைந்த இதில், பக்கவாட்டு நசுக்கலுக்கோ கணுக்கால் முறுகலுக்கோ மோட்டார் சைக்கிள் பூட்ஸில் உள்ளது போன்ற சோதனை இல்லை. கவசத்தின் தடிப்பினால் கியர் லீவருக்கு அடியில் கால் நுழைவதும் சிரமமாகலாம். இருந்தும், நாள் முழுதும் வண்டியில் திரிந்து உணவும் பொட்டலங்களும் விநியோகிப்பவர் குறைந்த செலவில் ஏதேனும் ஒன்றை வாங்க விரும்பினால், கணுக்காலுக்கு மேல் ஏறி லேஸால் இறுகும் பாதுகாப்புக் காலணி செருப்பைவிடப் பல மடங்கு மேலானது. இதைக் குறைத்துப் பேசுவது, விலை உயர்ந்த பூட்ஸ் வாங்க முடிந்தவர்களின் சொகுசு மட்டுமே.

மூன்றாம் படி: இறுக்கும் அமைப்பு

விபத்தில் காலை விட்டுக் கழன்று போகும் பூட்ஸ், எத்தனை இலக்கங்களைப் பெற்றிருந்தாலும், அதன்பின் எதையும் காப்பதில்லை. கடையிலேயே பூட்ஸை முழுமையாக இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, உடன் வந்தவரைக் குதிகாலைப் பிடித்து வலுவாக இழுக்கச் சொல்ல வேண்டும். குதிகால் உள்ளே மேலெழும்பினால் அந்த அளவையோ அந்த வடிவத்தையோ விட்டுவிடலாம். ஜிப் உள்ளவற்றில், அது காலின் உட்புறமாக அமைந்து மேலே வெல்க்ரோ மடிப்பு ஒன்றால் மூடப்பட்டிருப்பது நல்லது. வெளிப்புறத்தில் அமைந்த ஜிப் சாலையில் உராய்ந்து திறந்துகொள்ளக்கூடும். லேஸ் காலை நன்றாகப் பிடித்தாலும், அவிழ்ந்து தொங்கும் முனை இடப்பக்கம் கியர் லீவரிலும் வலப்பக்கம் பிரேக் மிதியிலும் மாட்டி, நிறுத்தும் வேளையில் காலைத் தரையில் ஊன்ற விடாமல் செய்துவிடும். ஆகவே லேஸின் முனைகளைச் செருகி மறைக்கும் பட்டை உள்ள வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காம் படி: அளவும் வண்டியும்

இந்தியாவில் விற்கப்படும் காலணிகளின் எண் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுகிறது. அதில் 8 என்பது ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 42 ஆகும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுபடுவதால், எண்ணை நம்புவதைவிட மில்லிமீட்டரில் அளந்துகொள்வது உத்தமம். பகல் முழுதும் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், பயணத்தின்போது அணியும் காலுறையுடன், சுவரில் குதிகாலை ஒட்டி வைத்துக் காகிதத்தின் மேல் நின்று, நீண்ட விரலின் முனையைக் குறித்து அளக்க வேண்டும். இரு பாதங்களும் ஒரே நீளமாக இருப்பது அரிது. நீளமான பாதத்தின் அளவையே கொள்ள வேண்டும்.

அணிந்து பத்தடி நடந்து பார்ப்பது போதாது; பூட்ஸை வண்டியின் மேல் உட்கார்ந்துதான் சோதிக்க வேண்டும். முனையாலும் குதிகாலாலும் மிதிக்கும் இரட்டை லீவர் கொண்ட வண்டிகளில், இரு மிதிகளுக்கும் இடையிலான வெளியில் பெரிய பூட்ஸ் அடங்காமல் போவதுண்டு. அத்தகைய நிலையில் பூட்ஸை மாற்றுவதற்கு முன், மெக்கானிக்கிடம் லீவரின் போல்ட்டைத் தளர்த்தி, பல் அமைந்த தண்டில் ஒரு பல் மேலே ஏற்றிப் பொருத்திப் பார்க்கச் சொல்லலாம். வலப்பக்கத்தில், சோல் மிகத் தடித்திருந்தால் பிரேக் மிதி எந்த அளவு அழுத்தப்படுகிறது என்ற உணர்வு மங்கிவிடும். புதிய பூட்ஸுடன் முதல் சில நாட்கள் நெரிசலற்ற சாலையில் பழகுவதே முறை. கிக்கர் உள்ள வண்டியை அந்தப் பூட்ஸுடன் ஒருமுறை உதைத்துப் பார்ப்பதும் வீணாகாது, சோலின் பிடிப்பு அப்போதே தெரிந்துவிடும். ஸ்கூட்டரில் லீவர் இல்லாததால் இவற்றுள் பல பொருந்தா. ஆனால் நிற்கும்போது கால் வெளியே ஊன்றப்படுவதும் சாயும்போது கணுக்கால் மாட்டுவதும் அங்கும் உண்டு.

ஐந்தாம் படி: வெயிலும் மழையும்

தண்ணீர் புகாத பூட்ஸின் உட்புறத்தில், நீராவியை வெளியேற்றி நீர்த்துளியைத் தடுக்கும் மிக மெல்லிய சவ்வு ஒன்று அமைந்திருக்கும். கோர்டெக்ஸ் என்பது அவ்வகையில் பெயர் பெற்றது. உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்கும்போதே வியர்வை ஆவி வெளிநோக்கி நகரும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இந்த வேறுபாடு மிகக் குறைவாதலால், சவ்வு இருந்தும் காலுறை வியர்வையில் நனைகிறது. வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் அளவு நீர் தேங்கிய தெருவில் மேல்வாய் வழியாக நீர் உள்ளே புகுந்தால், அதே சவ்வு அந்நீரை வெளியே விடாமல் தேக்கி வைக்கிறது. ஆகவே சமவெளியில் அன்றாடம் ஓட்டுபவர், காற்றுத்துளைகள் உள்ள, சவ்வு இல்லாத பூட்ஸை வாங்கி மழைக்கு மேலுறை ஒன்றைப் பயன்படுத்துவது பொருத்தமானது. மேலுறையின் அடி வழுக்கும் வகையாக இருந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் கால் நழுவும் என்பதால், ரப்பர் அடி உள்ளதா என்று பார்க்க வேண்டும். உதகை, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் வாழ்வோருக்குச் சவ்வுள்ள வகை கொடுத்த பணத்துக்குத் தகும். எங்கே ஓட்டினாலும் மழையில் பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழியும் நீர் நேரே பாதத்துக்கு இறங்கும்.

ஆறாம் படி: பராமரிப்பும் மாற்றமும்

நனைந்த பூட்ஸின் உள்சோலை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலிலும் சூடான சைலன்சர் அருகிலும் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உலர்ந்த பின் தோலுக்கு உரிய களிம்பைத் தடவலாம். ஜிப் இறுகினால் மெழுகுவத்தியைத் தேய்ப்பது போதும். விபத்துக்குப் பின் குதிகால் கிண்ணத்தில் விரிசலோ தையலில் பிளவோ தெரிந்தால், வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் அதை மீண்டும் அணியக் கூடாது.

பயன்படுத்தாமல் வைத்திருப்பதாலேயே கெடும் பகுதியும் ஒன்று உண்டு. பல பூட்ஸ்களின் சோலில், அடிரப்பருக்கு மேலே பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருள் அமைந்திருக்கும். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இப்பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது, ஈரம் மிகுந்த ஊர்களில் இச்சிதைவு விரைவாக நடக்கிறது. பெட்டியிலேயே வைத்துச் சில ஆண்டுகள் கழித்து எடுக்கும் பூட்ஸின் சோல் முதல் நாளிலேயே துண்டு துண்டாக உதிர்வது இதனால்தான். ஆகவே தள்ளுபடி விலையில் பழைய இருப்பு வாங்கும்போது, சீட்டில் தயாரிப்பு ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, சோலின் பக்கச் சுவரை நகத்தால் அழுத்த வேண்டும். மாவாக உதிர்ந்தாலோ ஒட்டும் பிசின் போலத் தோன்றினாலோ எந்த விலைக்கும் அதை வாங்கக் கூடாது. வீட்டில் உள்ள பூட்ஸுக்கும் மழைக்காலம் தொடங்குமுன் இச்சோதனையைச் செய்துவிட்டு, சோல் மட்டும் கெட்டு மேற்பகுதி உறுதியாக இருந்தால், தையல் வேலை தெரிந்த காலணித் தொழிலாளியிடம் கொடுத்து முழு ரப்பர் சோலாக மாற்றிக்கொள்ளலாம்.