ஒரே ஹாலில் சோபாவும் சாப்பாட்டு மேஜையும்

இப்போது கட்டும் ஃபிளாட்டுகளில் ஹாலும் டைனிங்கும் பெரும்பாலும் ஒரே நீள அறைதான். வாசல் பக்கம் சோபா, சமையலறைப் பக்கம் சாப்பாட்டு மேஜை. 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட ஹாலை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. சாமான் வாங்கக் கிளம்பும் முன் நடைவழியை முடிவு செய்யுங்கள். வாசலிலிருந்து சமையலறைக்கும் படுக்கையறைக்கும் பால்கனிக்கும் எப்படிப் போவீர்களோ, அப்படியே தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்த வழி 3 அடி அகலத்துக்குக் காலியாக இருக்கட்டும். இரண்டரை அடிக்குக் குறையவே கூடாது. மிச்ச இடம்தான் சோபாவுக்கும் மேஜைக்கும். கொதிக்கும் சாம்பாரை ஏந்தி வருபவர் எதையும் சுற்றி வளைந்து வர வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

2. மேஜையின் அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நாற்காலியை இழுத்து உட்கார, மேஜை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே 3 அடியாவது வேண்டும். உட்கார்ந்தவருக்குப் பின்னால் ஆள் நடக்க வேண்டுமானால் மூன்றரை அடி. 3 அடி அகல மேஜையை 10 அடி அறைக்கு நடுவே போட்டால் இரு பக்கமும் சரியாக அந்த மூன்றரை அடிதான் மிஞ்சும். சுவரோரம் ஒரு ஃபிரிட்ஜோ ஷோகேஸோ வந்துவிட்டால் அதுவும் போயிற்று.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 4 அடி நீளம், இரண்டரை அடி அகலமே தாராளம். நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடுங்கள். விருந்தாளி வந்தால் மேஜையை முன்னால் இழுத்து, சுவர்ப் பக்கம் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொள்ளலாம். மற்ற நாளில் பெஞ்ச் மேஜைக்கு அடியில் போய்விடும். ஒருவர் தட்டு வைத்துச் சாப்பிட 2 அடி இடம் என்பது கணக்கு. தலைவாழை இலை போட்டால் அது போதாது.

3. கூரையை அண்ணாந்து பாருங்கள். ஃபேன் கொக்கியைக் கான்கிரீட் போடும்போதே வைத்துவிடுவதால், பிறகு இடம் மாற்றுவது பெரிய வேலை. கொக்கிக்குத் தக்கபடிதான் சாமான்களைப் போட வேண்டும். உட்காரும் இடம் ஃபேனுக்குக் கீழேயே இருக்கட்டும். மேஜை சற்றுத் தள்ளியே இருக்கட்டும். நேர் கீழே போட்டால் சாதம் ஆறிவிடும், அப்பளம் பறக்கும். ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு வைத்தால் நிழல் சுழன்று கண்ணை உறுத்தும். சுவர் விளக்கே நல்லது.

4. இரண்டு பகுதியையும் பிரிக்க மரத்தடுப்பு வேண்டாம். பால்கனிக் காற்று சமையலறை வரை போகாமல் அது மறித்துவிடும். சோபாவின் முதுகை டைனிங் பக்கம் திருப்பிப் போட்டாலே போதும். மூன்று பேர் சோபா ஆறரை அடி இருந்தால், ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டபின் மூன்றரை அடி வழி கிடைக்கும். 10 அடி அகல ஹாலுக்கு 'எல்' வடிவ சோபாவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடையின் பெரிய கூடத்தில் அழகாகத் தெரியும், வீட்டில் வழியை அடைத்துவிடும்.

5. டிவியை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பகலில் திரை பளபளக்கும். சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்தால் டிவி தெரியாதபடி வைப்பது இன்னும் நல்லது. குடும்பமாகச் சேர்ந்து பேசிச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான் பல வீடுகளில்.

6. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடைவெளி ஒன்றரை அடி.

7. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், தாழ்ந்து அமுங்கும் சோபாவோடு கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி ஒன்றும் அவசியம் இருக்க வேண்டும். ஆசனம் ஒன்றரை அடி உயரம் இருந்தால் முழங்காலுக்குச் சிரமம் குறையும். அதை நடைவழிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அவர்கள் கழிவறைக்குப் போகும் பாதையில் கார்ப்பெட் விரிக்காதீர்கள், அதன் விளிம்பு காலைத் தடுக்கும்.

8. வாஷ்பேசின் முன்னால் ஆள் நிற்க 2 அடி விடுங்கள். ஃபிரிட்ஜ் கதவு முழுதாகத் திறக்கும்போது எந்த நாற்காலியிலும் இடிக்கக் கூடாது.

9. ஊஞ்சல் ஆசை இருந்தால் முன்னும் பின்னும் ஆட 3 அடியாவது வேண்டும். அதற்கு ஒற்றை சோபாக்களை விட்டுக்கொடுங்கள். ஃபேன் கொக்கியில் ஊஞ்சலைத் தொங்கவிடவே கூடாது; தனிக் கொக்கியைப் பொறியாளரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

10. ஒரு மூலையாவது வெறுந்தரையாக இருக்கட்டும். கொலுப்படி வைக்கவும், பாய் விரித்து விருந்தாளி படுக்கவும், குழந்தை தவழவும் அந்த இடம் வேண்டும்.

11. சோபாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசற்கதவு மூன்றையும் டேப்பால் அளந்துவிடுங்கள். கால்களைக் கழற்றி மாட்டக்கூடிய சோபாவா என்றும் கடையில் கேளுங்கள்.