அம்மை உள்ளே இறங்குவதில்லை

சேலம் அருகே இளம்பிள்ளை போன்ற தறி ஊர்களில் அங்கன்வாடிக்குப் போகும் குழந்தைக்குச் சின்னம்மை போட்டவுடன், வாசலில் வேப்பிலை செருகப்படும்போதே, “ஊசி மருந்து பக்கம் போனால் முத்து உள்ளே இறங்கிவிடும்” என்ற எச்சரிக்கையும் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. எத்தனை முறை மறுத்தாலும் கோடைதோறும் மீண்டும் கிளம்பும் இந்தப் பேச்சு, பிள்ளையின் உயிரைப் பறிக்கக்கூடிய பொய்.

சின்னம்மை வைரஸ் மூச்சுவழியாகப் புகுந்து, 10 முதல் 21 நாள் வரை உடலுக்குள் பெருகிய பிறகே தோலில் முத்தாகத் தெரிகிறது. முத்து எழும்போது வைரஸ் ஏற்கெனவே உடலெங்கும் பரவியிருப்பதால், இனி அது உள்ளே இறங்க வேண்டிய தேவையே இல்லை. உள்ளே இறங்குவது வேறொன்று. பலருடைய தொண்டையில் தொந்தரவு தராமல் தங்கியிருக்கும் ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, குழந்தை சொறிந்து உடைத்த முத்தின் வழியாகத் தோலுக்கடியில் புகுந்தால், சதையை அழுகச் செய்யவும், இரத்தத்தில் கலந்து உறுப்புகளை முடக்கவும் வல்லது. இதையே மருத்துவர்கள் ஊடுருவும் தொற்று என்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990களில் நடந்த கண்காணிப்பில், சின்னம்மை கண்ட குழந்தைகளுக்கு அதையடுத்து இத்தொற்று வரும் வாய்ப்பு சுமார் 58 மடங்கு கூடியிருந்தது. 1997இல் பாஸ்டன் நகரின் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சின்னம்மை பரவியபோது ஊடுருவும் தொற்றும் அதன் பின்னாலேயே வந்தது. இத்தொற்றுக்குப் போடும் பெனிசிலின் ஊசி கொல்வது பாக்டீரியாவை மட்டுமே. வைரஸைத் தொடவே தொடாத மருந்து முத்தை எப்படி அடக்கும்?

மருந்தே இல்லாத பெரியம்மைக் காலத்துக் கட்டுப்பாடு, அந்நோய் இந்தியாவில் 1975இல் ஓய்ந்த பின்னும் சின்னம்மையின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. வேப்பிலை கட்டிப் பிள்ளையைத் தனியே கிடத்துவதிலும், கஞ்சியும் இளநீரும் கொடுப்பதிலும் குறையேதுமில்லை. அம்மனை வேண்டிக்கொள்வதற்கும் மருத்துவமனைக்குப் போவதற்கும் எந்தப் பகையும் இல்லை. ஆனால் இறங்கிய காய்ச்சல் மூன்றாம் நான்காம் நாளில் திரும்ப ஏறினாலோ, ஒரு முத்தைச் சுற்றி மட்டும் தோல் சிவந்து, சூடாகி, கல்போல் வீங்கிப் பரவினாலோ, பாவாடை விளிம்பு பட்டாலே குழந்தை அலறினாலோ, காலை ஊன்ற மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பது மன்னிக்க முடியாத தாமதம். அந்த மணி நேரத்திலேயே சேலம் அரசு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் இரண்டும் அம்மையின்போது கூடாது.

இதே பாக்டீரியாவைப் பற்றி வேறு பொய்களும் உலவுகின்றன. ஐஸ் தின்பதால் தொண்டைப்புண் வருவதில்லை; இருமல் துளியும் தொடுதலுமே அதைப் பரப்புகின்றன. தேன்நிறப் பொருக்குக் கட்டும் சிரங்கு மாம்பழச் சூட்டால் வருவதன்று. அதுவும் இதே பாக்டீரியாவால் வரக்கூடும்; அப்படி வந்ததைக் கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் முகம் வீங்கிச் சிறுநீர் தேநீர் நிறமாகும் சிறுநீரக அழற்சியில் கொண்டுபோய் விடக்கூடும். மருந்துக்கடையில் தானாக வாங்கும் அசித்ரோமைசின் எல்லா நேரமும் வேலை செய்யும் என்பதும் தவறு. அதற்குப் பணியாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் உண்டு, பெனிசிலினுக்குப் பணியாதது இதுவரை நோயாளிகளிடம் காணப்பட்டதில்லை. தொண்டைப்புண்ணுக்கு மருந்து தொடங்கி ஒரு நாள் கழிந்து, காய்ச்சலும் விட்ட பிறகு குழந்தை அங்கன்வாடிக்குத் திரும்பலாம். சின்னம்மைப் பிள்ளையோ எல்லா முத்தும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை வீட்டில் இருக்க வேண்டும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்ட வகைகள் ஏராளம் என்பதால், ஓரிரு வகைகளை மட்டும் குறிவைக்கும் தடுப்பூசி இங்கே உதவவும் போவதில்லை. அது நுழையும் வாசலான சின்னம்மைக்கோ தடுப்பூசி இருக்கிறது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 15ஆம் மாதத்தில் முதல் தவணையைப் பரிந்துரைத்தும், அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இடமில்லாததால், வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். கூலித் தறி ஓட்டுவோரின் பிள்ளை அதே அங்கன்வாடிப் பாயில் காப்பின்றிப் படுக்கிறது. தேசியத் திட்டத்தில் சேர்க்கப்படும்வரை காத்திராமல், தமிழக அரசு அங்கன்வாடிக் குழந்தைகளுக்காவது இந்த ஊசியை இலவசமாகப் போடத் தொடங்க வேண்டும்.