மாட்டின் வயிற்று ஊசியைக் காட்டும் கருவி: பாட்டரி கசிந்தால் சீராக்குவது எப்படி?

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரங்களில் பனியன் தொழிலும் கறவை மாடு வளர்ப்பும் அருகருகே நடைபெறுகின்றன. தையல் கூடத்தில் முறியும் ஊசி, கட்டட வேலையில் சிதறும் கட்டுக்கம்பி, டயர் எரித்த இடத்தில் மிஞ்சும் கம்பி ஆகியவை குப்பையோடு வெளியேறினால் மேய்ச்சல் நிலத்திற்கும் தீவனத் தொட்டிக்கும் வந்து சேர வாய்ப்புண்டு. காங்கயம் பகுதிக் கொறங்காடுகளுக்கு முள்கிளுவையே வழக்கமான உயிர்வேலி. அதிலிருந்து உதிர்வது இலையும் முள்ளும்தான். கம்பிவேலியோ துருப்பிடித்துத் துண்டு துண்டாகப் புல்லில் விழுகிறது.

மாடு தீவனத்தை நாக்கால் சுழற்றி இழுத்து விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். கூடவே போகும் கம்பியும் ஊசியும் தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். அந்த வயிறு சுருங்கும்போது கூர்முனை அதன் சுவரைத் துளைத்து, உதரவிதானத்தையும் கடந்து இதயத்தின் உறையைக் குத்தலாம். திடீரெனப் பால் குறைதல், தீனி எடுக்காமை, முதுகைக் கூனி நிற்றல், முனகல், சரிவில் இறங்கத் தயங்குதல் ஆகியவை முதல் அறிகுறிகள். முன்கால்களுக்கு நடுவே தாடைக்குக் கீழ்வரை வீக்கம் கண்டுவிட்டால் மாட்டைக் காப்பாற்றுவது கடினம்.

இந்நோயை அறியக் கால்நடை மருத்துவர்கள் மெட்டல் டிடெக்டரையும் துணையாகக் கொள்வதுண்டு. கருவியில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப் புலம் உண்டாகிறது. அருகில் உலோகம் வந்தால் அப்புலம் மாறும். உடனே கருவி ஒலிக்கும். கையடக்கக் கருவிகள் பலவும் 9 வோல்ட் பாட்டரியில் இயங்குபவை. பல மாதம் பெட்டிக்குள் கிடக்கும் கருவியில் பாட்டரி கசிந்து வெண்மையாகப் பூத்துவிடுகிறது. “கெட்டுப்போய்விட்டது” என்று அதை எறிந்துவிட வேண்டியதில்லை.

கசிந்தது காரமா, அமிலமா?

அல்கலைன் பாட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். அது வெளியே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்பொடியாகிறது. பழைய துத்தநாக-கார்பன் வகையிலோ துத்தநாகக் கூடே மின்முனை. பயன்படுத்தப் பயன்படுத்தக் கூடு அரிக்கப்பட்டு ஓட்டை விழும். கசிவது இலேசான அமிலத்தன்மை உள்ள உப்புக் கரைசல்.

பாட்டரியின் மேல் எழுத்து அழிந்திருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். சிறிது வெண்பொடியைத் தட்டில் சுரண்டிப் போட்டு, மஞ்சள் தூள் கரைத்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டாற்போல் சிவந்தால் அது காரம். நிறம் மாறாவிடில் பழைய வகை எனக் கொள்ளலாம். காரக் கசிவுக்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. மற்றதற்கு ஆப்பசோடா கரைத்த நீர். எல்லாக் கசிவுக்கும் சோடாவே மருந்து என்று நினைப்பது தவறு.

சீராக்கும் முறை

1. கையுறையும் கண்ணாடியும் அணிந்து பாட்டரியை எடுத்துவிடுங்கள். காரம் கண்ணில் பட்டால் 15 நிமிடம் நல்ல நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

2. பாட்டரி அறை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பொடியைத் தட்டுங்கள். பொடி உள்ளே போகக் கூடாது.

3. குச்சியில் சுற்றிய பஞ்சை வினிகரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். நுரை அடங்கும்வரை தொடருங்கள். கருவிக்குள் ஊற்றக் கூடாது.

4. கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் இருமுறை துடைத்து, பின் ஸ்பிரிட் கொண்டு துடையுங்கள். புளிப்பு மிஞ்சினால் அதுவே புதிய அரிப்பைத் தொடங்கும். ஒரு நாள் நிழலில் உலரட்டும்.

5. தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் நிக்கல் பூச்சு போய் விரைவில் துருவேறும்.

6. காரம் கம்பியின் உறைக்குள்ளேயே, சிறப்பாகக் கருப்புக் கம்பியில், ஊர்ந்து செல்லும். வெளியே நன்றாகத் தெரியும் கம்பியை நுனியில் சிறிது நறுக்கிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால், பாட்டரி மாட்டும் கிளிப்பைக் கம்பியோடு மாற்றிவிட வேண்டும். இது விலை மலிவான பொருள். ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். சர்க்யூட் பலகையில் செம்புக் கோடு அறுந்திருந்தாலும் மெல்லிய கம்பியால் இணைக்க முடியும்.

7. புதிய பாட்டரி போட்டு, கருவியை இயக்கிய நிலையில் மீட்டரால் பாட்டரி முனையிலும் பலகையிலும் வோல்ட் அளவு பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பலகையில் அரை வோல்ட் குறைந்தாலும் இடையில் எங்கோ களிம்பு மிச்சமிருக்கிறது.

ஒலி வந்தால் மட்டும் போதாது

இதுவே முக்கியமான கட்டம். அரைகுறையாகச் சீரான கருவி பெரிய ஆணிக்கு ஒலிக்கும். சிறு ஊசிக்கு ஊமையாகிவிடும். அதன் மௌனத்தை நம்பி மருத்துவரை அழைக்காமல் இருந்தால் மாடு போய்விடும். ஆகவே ஒரு தையல் ஊசியையும் 2 அங்குல ஆணியையும் தனித்தனியே மரப்பலகையில் வைத்து, எத்தனை விரற்கடை தூரத்தில் ஒலிக்கிறது என்று அளந்து அட்டையில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு முறையும் மாட்டிடம் கொண்டுபோகுமுன் அதே சோதனையைச் செய்யுங்கள். தூரம் குறைந்திருந்தால் கருவியை நம்ப வேண்டாம்.

மாட்டைச் சங்கிலி, மணி, இரும்புத் தூண் ஆகியவற்றிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். காளையாயின் லாடத்திற்கும் ஒலிக்கும் என்பதை நினைவிற் கொள்க. இடது முழங்கைக்குப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பகுதியில் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். உடலின் ஆழத்தில் உள்ள சிறு ஊசி, நல்ல கருவிக்கும் தப்பலாம். நோயில்லாத மாட்டின் வயிற்றிலும் உலோகம் இருக்கக்கூடும். எனவே ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் அறிகுறி கண்டால் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கட்டணமில்லா எண் 1962-க்குப் பேசலாம்.

வருமுன் காக்க

வேலை முடிந்ததும் பாட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். பழையதும் புதியதுமாகக் கலந்து போடாதீர்கள். டார்ச் விளக்கிற்கும் இதே விதிதான். தீவனத் தொட்டியையும் அரவை இயந்திர வாயையும் வாரம் ஒருமுறை காந்தத்தால் துழாவுங்கள். மாட்டின் வயிற்றில் காந்தம் செலுத்தி இரும்புத் துண்டுகளைப் பிடித்துவைக்கும் முறையும் உண்டு, மருத்துவரிடம் கேட்டறியலாம். அவ்வாறு காந்தம் உள்ள மாட்டிலும் கருவி ஒலிக்கும்; எனவே அதைப் பதிவேட்டில் குறித்துவைப்பது அவசியம்.