தூரிக் கணக்கு வேறு, ஹம்மாக் கணக்கு வேறு

ஆடி 18க்குப் புளியமரத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டி ஆடி வளர்ந்த கொங்குநாட்டுக்காரருக்குக் கயிற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்றுதான் தோன்றும். எந்தக் கிளை தாங்கும், எந்தக் கயிறு கையை அறுக்கும் என்பதெல்லாம் பத்து வயதிலேயே பிடிபட்டுவிடுகிற சங்கதி. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் கேம்பிங் ஹம்மாக் வாங்கும் கோவை, திருப்பூர் இளைஞர்கள் பலர் அந்தத் தெம்போடுதான் முதல் தடவை அதை மரத்தில் கட்டுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தூரியின் கயிறு செங்குத்தாகத் தொங்குகிறது; ஹம்மாக்கின் கயிறு சாய்வாக இழுக்கிறது. எதை வாங்குவது, எதற்குச் செலவைக் குறைப்பது என்பதெல்லாம் இந்தச் சாய்விலிருந்தே வருகிறது.

“நல்லா இழுத்துக் கட்டினால்தான் தொய்யாது”

70 கிலோ ஆள் தூரியில் உட்கார்ந்தால் இரண்டு கயிறும் தலா 35 கிலோ சுமக்கின்றன. அதே ஆள் ஹம்மாக்கில் படுத்து, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ. சாய்வு 10 டிகிரிக்குக் குறைந்தால் பக்கத்துக்கு 200 கிலோ. “விறைப்பாக” 5 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 400 கிலோ. ஆள் குண்டாகவில்லை, கயிறு நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே ஏறும்போது தொப்பென்று விழுந்தால் இது இன்னும் எகிறும்.

ஆகவே உறையின் மேல் அச்சிட்ட “200 கிலோ தாங்கும்”, “300 கிலோ தாங்கும்” என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. துணி தாங்கினாலும் கொக்கி தாங்க வேண்டும், தையல் தாங்க வேண்டும், முடிச்சு தாங்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் ரகக் கொக்கியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் துணியின் பலத்தைப் பெரிய எழுத்தில் போடுவது விற்பவர்களின் பழைய வித்தை. கொக்கியின் உடம்பிலேயே கிலோநியூட்டன் கணக்கு பொறித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். 12 என்றிருந்தால் ஏறத்தாழ 1,200 கிலோ.

30 டிகிரியை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். மரத்திலிருந்து வரும் கயிறு இரண்டடி நீளத்துக்கு ஓரடி வீதம் கீழே இறங்கினால் அதுதான் 30.

“தென்னந்தோப்பைவிடத் தோதான இடம் ஏது?”

விளம்பரப் படங்களில் ஹம்மாக் எப்போதும் இரண்டு தென்னைகளுக்கு நடுவில்தான் தொங்குகிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை என்று கண்ணுக்கு எட்டிய தூரம் தென்னை நிற்கிற சீமையில் இந்த நம்பிக்கை வேர்விட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் தோப்பை நட்டவர் ஹம்மாக்கை நினைத்து நடவில்லை. கோவையிலிருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்குப் பரிந்துரைப்பது 25 அடிக்கு 25 அடி இடைவெளி. 11 அடி ஹம்மாக்குக்குச் சௌகரியமான இடைவெளியோ 13 முதல் 15 அடி.

25 அடியில் கட்டினால் என்ன ஆகும்? ஹம்மாக்கின் இரண்டு முனைகளும் ஒன்பது அடி இடைவெளியில் நின்றால், பக்கத்துக்கு எட்டடி மிச்சம். 30 டிகிரி சாய்வில் அந்த எட்டடிக்கு, மரத்தில் கட்டும் பெல்ட் நாலரை அடிக்கு மேல் இறங்க வேண்டும். துணியின் தொய்வு மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரம் வேண்டும். கூட்டினால், மரத்தில் கட்டும் இடம் சுமார் 9 அடி உயரத்தில். ஏணி இல்லாமல் முடியாது. பெல்ட்டும் மரத்தைச் சுற்றுவதற்கு முன்பே பக்கத்துக்கு ஒன்பது அடி கேட்கும். ஹம்மாக்கோடு வரும் குட்டைப் பெல்ட்டுகள் இதற்குப் போதாது. ஏணியும் இல்லை, நீளப் பெல்ட்டும் இல்லை என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: தோள் உயரத்தில் கட்டி, தரையில் முதுகு தட்டாமலிருக்க முழுப் பலத்தோடு இழுப்பது. மேலே சொன்ன 200, 400 கிலோவெல்லாம் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

அடுத்தது தலைக்கு மேலே இருப்பது. தேங்காய் மட்டுமில்லை, காய்ந்த மட்டையும் சொல்லாமல் விழும். தோப்பில் 30 முதல் 45 நாளுக்கு ஒரு முறை காய் போடுவார்கள்; அடுத்த வெட்டு நெருங்கும் நாட்களில் மரத்தடியில் நிற்பதே உசிதமில்லை. “ஏனுங்கண்ணா, காய் போட்டு எத்தன நாளாச்சுங்க?” என்று தோப்புக்காரரைக் கேட்பது எந்தப் பாதுகாப்புக் கையேட்டையும்விடப் பயனுள்ள கேள்வி. காய் போட்ட மறுநாளும் ஆபத்து முழுக்கப் போய்விடாது. சிவப்புக் கூன்வண்டு தண்டைக் குடைந்து உள்ளே கூடாக்கிவிட்டால் வெளியே மரம் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். தண்டில் ஓட்டையும் பழுப்பு நிறக் கசிவும் இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். பொள்ளாச்சி வட்டாரத்தில் வேர்வாடல் நோய் வேறு பரவியிருக்கிறது.

பாக்குமரம் இன்னும் மோசம், ஒல்லி, வளையும். முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேம்பு, புளி, மா போன்றவை அரையடிக்கு மேல் விட்டத்தோடு உயிரோடு நின்றால் நம்பலாம்.

“மரமில்லாவிட்டால் தூண் இருக்கிறதே”

இந்தத் தப்பெண்ணங்களில் உண்மையிலேயே உயிரை வாங்கக்கூடியது இதுதான். தோட்டத்து வேலிக்கு நட்ட கல்தூண், மோட்டார் ரூம் சுவர், வாசல் திண்ணையின் செங்கல் தூண் எதுவும் ஓர் ஆளின் எடை பக்கவாட்டில் இழுப்பதைத் தாங்கக் கட்டியதல்ல. ஹம்மாக் அப்படித்தான் இழுக்கிறது. சரியான 30 டிகிரியில்கூட 70 கிலோ ஆளுக்கு 60 கிலோ பக்கவாட்டு இழுப்பு உண்டு. தூண் சாய்ந்தால் விழுவது படுத்திருப்பவர் மேலேயே. அமெரிக்காவில் வீட்டு முற்றத்துச் செங்கல் தூண்களில் ஹம்மாக் கட்டிச் சிறுவர்கள் இறந்த சம்பவங்கள் பல முறை செய்தியாகியிருக்கின்றன. கம்பி கட்டிய கான்கிரீட் தூணாக இருந்து, மேலே தளமும் ஏறியிருந்தால் யோசிக்கலாம். மற்றதெல்லாம் வேண்டாம்.

“சின்னதாக மடங்கினால் நல்ல ஹம்மாக்”

கைக்குள் அடங்கும் பையில் வரும் மலிவு மாடல்கள் பல 260, 270 சென்டிமீட்டர் நீளம்தான். ஐந்தரை அடி ஆள் அதில் படுத்தால் முதுகு வளைந்து, முழங்கால் மடங்காமல் விறைத்து, ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவார். பிறகு “நமக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று ஹம்மாக் பரணுக்குப் போய்விடும். குற்றம் நீளத்துடையது. 10 முதல் 11 அடி நீளமும் ஐந்தடி அகலமும் இருந்தால் உடம்பைக் குறுக்காகப் போட்டுப் படுக்கலாம்: தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். அப்போது துணி கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். பிரேசில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தூங்குகிறார்கள். “டபுள்” என்று விற்பது இரண்டு பேருக்கானது என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு. அந்த அகலம் ஒருவர் குறுக்காகப் படுக்கவே சரியாக இருக்கும். முனைகளில் மரக்கட்டை வைத்த அகலமான வலை ஹம்மாக், பார்வைக்குக் கட்டில் போலத் தட்டையாக இருந்தாலும், புரண்டு படுத்தால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

நீளம் கிடைக்கவில்லை என்றால் தைத்துக்கொள்ளலாம். கொங்குநாட்டுக்காரர் வெளியூர்க்காரர்களைவிடக் கொடுத்துவைத்தவர் என்பது இந்த இடத்தில்தான் தெரியும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகளில் ஓடுவதே காடா துணி. நெருக்கமான, கனத்த நெசவாகப் பார்த்து மூன்றரை மீட்டர் வாங்கி, இரண்டு முனைகளிலும் பாவாடை நாடா கோக்கிற மாதிரி மடித்து அழுத்தமாகத் தைத்து, அதற்குள் கயிற்றைச் செலுத்திச் சுருக்கினால் ஹம்மாக் தயார். பருத்தி கனக்கும், நனைந்தால் காய நேரமெடுக்கும். மலையேறத் தூக்கிப் போக உதவாது. பைக்கிலோ காரிலோ தோட்டத்துக்குப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. முதல் நாள் முழங்கால் உயரத்துக்குக் கீழே கட்டி, அடியில் மெத்தை போட்டு, மெதுவாக ஏறிச் சோதிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய சேலையில் கட்டிவிடலாமே என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக மடித்தால் 2.75 மீட்டர், கைக்குழந்தைத் தூளிக்கு அது தாராளம், பெரியவருக்கு மறுபடியும் அதே வளைந்த முதுகு.

ஒரு சின்னச் செலவு பெரிய வசதி தரும். ஹம்மாக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து மேலே ஒரு பலமான கயிறு. அதன் நீளம் ஹம்மாக் நீளத்தில் 83 சதவீதம். 11 அடிக்கு ஏறத்தாழ 9 அடி 2 அங்குலம். மரம் எட்டி நின்றாலும் கிட்டே நின்றாலும் துணியின் தொய்வு ஒரே மாதிரி அமைந்துவிடும்.

“கயிறு எதுவானால் என்ன?”

மெல்லிய கயிறு மரத்துக்கு எதிரி. பட்டைக்கு அடியிலுள்ள உயிருள்ள அடுக்கை அது நசுக்கிவிடும். தோப்புக்காரர் இன்னொரு முறை உள்ளே விட மாட்டார். குறைந்தது ஓரங்குல அகலப் பட்டை பெல்ட் வேண்டும். நைலான் இழுபடும், ஈரத்தில் இன்னும் கூடுதலாக. படுக்கும்போது ஒன்றரை அடி உயரத்தில் இருந்தவர் விடியற்காலை தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். பாலியெஸ்டர் அந்த வேலையைச் செய்யாது. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் சரக்கை இறுக்கும் லாஷிங் பெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். வேண்டிய நீளத்தில் வாங்கலாம், தாங்கும் எடையும் சீட்டில் தைத்திருக்கும். கேம்பிங் கடைப் பெல்ட்டுக்குக் கொடுக்கும் காசை இங்கே தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

“கோயம்புத்தூரில் என்ன குளிர்?”

தரையில் படுப்பவருக்குப் பூமி இருக்கிறது. ஹம்மாக்கில் படுப்பவருக்கு அடியில் வெறும் காற்று. போர்வை எத்தனை போர்த்தினாலும் முதுகுக்குக் கீழே இருப்பது உடம்பு எடையில் நசுங்கித் தன் வேலையை இழந்துவிடும். 20 டிகிரி இரவிலேயே முதுகு சில்லிடுவது இதனால்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று வேறு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது பல்லடத்திலும் உடுமலையிலும் ஹம்மாக்குக்கு அடியில் ஓடும் காற்றைக் கேட்க வேண்டுமா?

வெளிநாடுகளில் வாத்து இறகு அடைத்த மெத்தை ஒன்றை ஹம்மாக்குக்கு வெளியே, அடிப்பக்கம் தொங்கவிடுகிறார்கள். 200 டாலருக்குமேல் ஆகும். சமவெளி இரவுக்கு அது அநாவசியம். யோகா விரிப்பு ஒன்றை உள்ளே போட்டாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீரும், தோள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் மெல்லிய ரஜாய் ஒன்றின் ஓரங்களில் எலாஸ்டிக் கோத்து, முதுகைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி அடியில் தொங்கவிடலாம். எலாஸ்டிக்குக்குத் திருப்பூரில் பஞ்சமா? ஊட்டி, ஏற்காடு என்று திட்டமிடுபவர்கள் இந்த வைத்தியங்களை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

“மேலே கொசுவலை போட்டால் போதும்”

போதாது. மெல்லிய நைலான் துணியில் முதுகு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கொசு அடியிலிருந்தே கடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. மத்தியானத் தூக்கமும் விதிவிலக்கில்லை. வலை ஹம்மாக்கை முழுசாகச் சுற்றியிருக்க வேண்டும். கொசுவலைக்குப் பேர்போன கரூர் பக்கத்திலேயே இருக்கிறது. நீள வலையைக் குழாய் மாதிரி தைத்து, இரு முனையிலும் நாடா கோத்தால் முடிந்தது.

மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய். அதோடு இரண்டு பக்கப் பெல்ட்டிலும் ஒரு துண்டுக் கயிறு தொங்கவிட வேண்டும். மரத்தில் வழியும் தண்ணீர் பெல்ட் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். இடி மின்னலோடு கோடை மழை வந்தால் தார்ப்பாயை நம்பிக் கிடக்காமல் மரத்தடியை விட்டுப் போய்விட வேண்டும்.

“காட்டில் டென்ட் அடிக்கத்தானே தடை?”

தரையைத் தொடவில்லை, நெருப்பு மூட்டவில்லை, ஹம்மாக்குக்கு எதற்கு அனுமதி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி காப்புக் காட்டுக்குள் அத்துமீறி நுழைவதே குற்றம். சரணாலயங்களுக்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்த மலையேற்றக்காரர்களில் ஈரோடு, திருப்பூர்க்காரர்களும் இருந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். அவற்றில் ஹம்மாக் கட்டிப் படுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை.

பட்டா நிலமென்றாலும் மலையடிவாரம் வேண்டாம். தடாகம், தொண்டாமுத்தூர், காரமடை ஓரங்களில் வாழைக்கும் கரும்புக்கும் இரவில் யானை இறங்குவது வாடிக்கை. ஒன்றரை அடி உயரத்தில், வலைக்குள் சுருண்டு கிடப்பவர் எழுந்து ஓடுவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். மலையை விட்டுத் தள்ளி, காங்கயம், தாராபுரம் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு வேம்பு பார்த்துக் கட்டிக்கொள்வது முதல் இரவுக்கு நல்லது. தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, அவருடைய நாய்க்கும் ஆளை அடையாளம் காட்டிவிட வேண்டும்.