பெயரும் அடையும் பிரிந்த வரலாறு

கேள்வி: ‘பச்சைக் கொழுந்து’ என்பதில் ‘பச்சை’ பெயரா, பெயரடையா என்று வகுப்பில் தினமும் தர்க்கம் நடக்கிறது. பெயரடை என்னும் பாகுபாடு எங்கிருந்து வந்தது?
– தோட்டப் பாடசாலை ஆசிரியை, பெல்மதுளை

பதில்: தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தாரேயன்றிப் பெயரடைக்கெனத் தனி வகுப்பொன்றை அமைத்தாரில்லை; இன்று நாம் அப்பெயரால் அழைப்பவற்றுள் பச்சை, கறுப்பு முதலியன பண்புப்பெயர்களாகவும், நல்ல, பெரிய முதலியன குறிப்புப் பெயரெச்சங்களாகவும், ‘கடிநகர்’ என்பதிலுள்ள ‘கடி’ போல்வன உரிச்சொற்களாகவும் நம் மரபிலே பிரிந்து கிடந்தன. இவற்றையெல்லாம் ஒரு தலைப்பின் கீழ்த் திரட்டியது ஐரோப்பிய வியாகரணத்தின் செல்வாக்கு. விந்தை யாதெனில், சொற்களை எட்டாக வகுத்த பழைய இலத்தீன் வியாகரணிகளும் அடையை நாமத்தின் உட்பிரிவாகவே வைத்திருந்தனர். அங்கும் அது தனிக்குடித்தனம் போனது மிகப் பிற்காலத்திலேதான். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், இம்மொழிகளில் அடையாக வருவன பெரும்பாலும் பண்பைக் குறிக்கும் பெயர்களே என்றும், மற்றொரு பெயரின் முன் நிற்பதனாலேயே அவை அடையாகின்றன என்றும் எடுத்துக்காட்டினார்.

ஆதலின், தங்கள் மாணவரிடம் வேற்றுமை உருபையே உரைகல்லாகக் கொடுங்கள். ‘இலையின் பச்சையைப் பார்த்தே இளசா முற்றலா என்று சொல்லிவிடலாம்’ என்னும்போது உருபேற்ற ‘பச்சை’ பெயர். ‘பச்சைக் கொழுந்து’ என்னும்போது அதே பெயர் அடையின் ஸ்தானத்தில் நிற்கிறது, பழைய இலக்கணப்படி ‘பச்சையாகிய கொழுந்து’ என விரியும் பண்புத்தொகையாகிறது. ‘நல்ல’ என்பதோ ஒருபோதும் உருபேலாது; ‘நல்லதை’ என்று சொல்ல வேண்டுமானால் அதனை முதலில் பெயராக்கியாக வேண்டும். தங்கள் ஊர்க் கல் வியாபாரத்திலும் சான்றுண்டு: ‘நீலத்தை விற்றான்’ என்றால் விலைபோனது இரத்தினம், ‘நீலக்கல்’ என்றால் ‘ம்’ நீங்கிய அச்சொல் கல்லுக்கு அடை. இரு கட்சியாருக்கும் நியாயம் இருக்கிறது: ஒருவர் சொல்லின் ஜாதியைச் சொன்னார், மற்றவர் அது வாக்கியத்தில் பார்க்கும் உத்தியோகத்தைச் சொன்னார்.

கேள்வி: பலா பொதுப்பெயரா, சிறப்புப்பெயரா?
– அவரே

பதில்: நன்னூல் வழியில் ‘மரம்’ இடுகுறிப் பொதுப்பெயர், ‘பலா’ இடுகுறிச் சிறப்புப்பெயர், ஏனெனில் முன்னது பலவகை மரங்களுக்கும் உரியது, பின்னது ஒரு வகைக்கே உரியது. ஆங்கில இலக்கணத்தைத் தழுவியவர்களோ, ஓரினத்துக்குள் அடங்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாய் வழங்குவதைப் பொதுப்பெயரென்றும், ஒரே ஊருக்கோ ஒரே ஆளுக்கோ உரியதைச் சிறப்புப்பெயரென்றும் கொள்வதால், அவர்களுக்கு மரமும் பலாவும் ஒருங்கே பொதுப்பெயர்கள், பெல்மதுளையும் இரத்தினபுரியும் சிறப்புப்பெயர்கள். ஒரே கலைச்சொல்லுக்கு இரண்டு இலக்கணம் வழங்குமிடத்து, எந்த மரபைப் பற்றி வினவுகிறார்கள் என்பதைக் கேட்டறிந்த பின்னரே விடையெழுதும்படி மாணவரைப் பழக்குவது உத்தமம்.