கிழிந்த சீட்டும் கிழியாச் சீட்டும்

பழம்பொருள் என்ற அளவில் நம்மனோர் நெஞ்சில் முன்னிற்பன செப்பேடும் கல்வெட்டும் ஓலைச்சுவடியுமே. ஈண்டு யான் எழுதப் புகுந்த பொருளோ அவற்றினும் மிக எளியது. ஆட்டம் முடிந்த மறுகணமே காலடியில் மிதிபடுவது. குப்பையோடு குப்பையாகப் பெருக்கித் தள்ளப்படுவது. விளையாட்டுக் களத்தின் நுழைவுச்சீட்டும், புரோகிராம் என்று வழங்கும் ஆட்ட நிரலுமே அப்பொருள். இவற்றைத் தேடித் தொகுப்போர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மிகப் பலர். இவற்றுக்கெனவே தனி ஏலங்களும் நடைபெறுகின்றன. தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவும் நண்பர்க்குரிய விடை கட்டுரையின் இடையில் தானே புலனாகும். ஆதலின் அதனை இப்போது கூறேன்.

முதற்கண் ஒரு தாளைக் காண்போம். 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் இலண்டன் மாநகரில் கென்னிங்டன் ஓவல் திடலில் இங்கிலாந்துக் காற்பந்துக் கழகக் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. ஒருபால் நின்றவர் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவராகிய ஓல்டு ஈட்டோனியன்ஸ் கூட்டத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள். மற்றொருபால் நின்றவர் வடபுலத்துப் பஞ்சாலை ஊராகிய பிளாக்பர்னிலிருந்து வந்த ரோவர்ஸ் கூட்டத்தார். ஈட்டோனியர் ஒரு கோலால் வென்றனர். ஊதியம் பெறாது பொழுதுபோக்காக ஆடிய கூட்டமொன்று அக்கோப்பையைக் கைக்கொண்டது அதுவே கடைமுறை. மறு ஆண்டே அதே பிளாக்பர்ன் ஊரினின்று வந்த ஒலிம்பிக் என்னும் வேறொரு கூட்டத்தார் அவ்வீட்டோனியரையே தோற்கடித்துக் கோப்பையை வடக்கே கொண்டு சென்றனர். ஒரு காலம் கழிந்து மற்றொரு காலம் பிறக்கும் தறுவாயில் அச்சேறிய அந்நிரல், 2013-ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் சோதபீஸ் நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில் 35,250 பவுனுக்கு விலைபோயிற்று. அதுகாறும் எந்த ஆட்ட நிரலும் அவ்விலை பெற்றதில்லை.

இவ்விலை எதனால் வந்தது? பழமையால் என்பர் பலர். அது முழுதும் உண்மையன்று. வெம்பிளி அரங்கின் முதல் இறுதியாட்டம் 1923-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் நடந்தது. அரங்கு கொள்ளத்தக்கார் ஏறத்தாழ 1,27,000 பேர். வந்தோர் இரண்டு நூறாயிரத்துக்கும் மேலர் என்பர். சுவரேறி உட்புகுந்த மக்கள் வெள்ளம் ஆடுகளத்தையும் மூடிற்று. வெண்குதிரை ஊர்ந்த காவலர் ஒருவர் அக்கூட்டத்தை மெல்ல மெல்ல ஒதுக்கிய காட்சி இன்றும் பேசப்படுகிறது. அதன் பயனாக, மறு ஆண்டு முன்னதாகவே சீட்டுப் பெற்றோரன்றிப் பிறர் இறுதியாட்டத்திற்கு விடப்பட்டிலர். அம்மறு ஆண்டின் ஆட்டத்தில், 1924 ஏப்பிரல் 26-இல், நியூகாசில் யுனைடெட் அணி ஆஸ்டன் வில்லாவை இரண்டு கோலால் வென்றது. புகழ் என்னவோ 1923-க்கே உரியது. ஆயினும் தொகுப்போர் அலைந்து தேடுவது 1924-இன் நிரலை. காரணம் மழை. கையிலிருந்த நிரலையே குடையாகத் தலைமேற் பிடித்தனர் மக்கள். நனைந்து கூழான தாள்கள் அங்கேயே ஒழிந்தன என்று தொகுப்போர் கதை சொல்வர். எஞ்சியவை சிலவே, ஆகவே விலை மிகுதி. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தபோது காகிதக் கட்டுப்பாட்டால் நிரல்கள் பலவும் ஒற்றைத் தாளாய்ச் சுருங்கின. வீடுகளில் கிடந்த பழந்தாள்களும் போர்ப்பணிக்கெனத் திரட்டி அரைக்கப்பட்டன. மழைக்குத் தப்பியதைப் போர் கொண்டது.

அருமைக்கும் பெருமைக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டுவன 1958-ஆம் ஆண்டின் இரண்டு நிரல்கள். மான்செஸ்டர் யுனைடெட் அணியினர் பெல்கிரேடு நகரில் ஆடி மீண்டு வருகையில், பிப்பிரவரி 6-ஆம் நாள், மியூனிக் விமான நிலையத்தில் அவர்தம் விமானம் பனியில் ஏறமாட்டாது மோதியுடைந்தது. முடிவில் மாண்டோர் 23 பேர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். இருநாள் கழித்து உல்வர்ஹாம்டன் அணியோடு நடக்கவேண்டிய ஆட்டத்திற்கு நிரல் அதற்குள் அச்சாகிவிட்டது. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது, நிரல்கள் அழிக்கப்பட்டன, எவ்வாறோ சில தப்பின. அச்சிலவற்றுக்குப் பல்லாயிரம் பவுன் கொடுப்பார் உளர்.

மற்றொன்று பிப்பிரவரி 19-ஆம் நாளுக்குரியது. நேர்ச்சிக்குப் பின் மான்செஸ்டர் அணி ஆடிய முதல் ஆட்டம் அது. எதிரணி ஷெபீல்டு வென்ஸ்டே. நிரலில் அவ்வெதிரணியின் பெயர்கள் அனைத்தும் அச்சிடப்பட்டுள்ளன. மான்செஸ்டர் அணிக்குரிய பக்கத்தில் பெயரில்லை; பதினொரு வெற்றிடங்களே உள. யார் ஆடுவார் என்பதை அச்சிடும் நாளில் எவரும் அறியார். அன்றிரவு ஏறத்தாழ 60,000 பேர் திரண்டனர். பலர், பெயர்கள் அறிவிக்கப்பட அறிவிக்கப்பட, அவ்வெற்றிடங்களைத் தம் கையாலேயே நிரப்பினர். மான்செஸ்டர் அணி மூன்று கோலால் வென்றது. இந்நிரல் மிகப் பலவாக எஞ்சியுள்ளமையின் முன்னதைப் போல விலை பெறுவதில்லை. அன்றியும், எழுத்து விழுந்த தாளுக்கு விலை தாழ்வு என்பது தொகுப்போரிடைப் பொதுவிதி. அவ்விரவில் ஒருவன் நடுங்கும் கையால் எழுதிய பதினொரு பெயர்களை மாசு என்று கழிக்கும் விதி எனக்கு உடன்பாடன்று. ஏடெழுதினோன் கடையேட்டில் தன் பெயரும் ஆண்டும் நாளும் குறித்துவைத்ததை நாம் மாசென்று கொள்கின்றோமா? அதனைக் கற்றோ சுவடியின் காலத்தையும் ஊரையும் துணிகின்றோம்! தமிழ் மாணவனை இத்துறைக்கு இழுத்தது இவ்வொப்புமையே. முதலேடும் கடையேடும் முறிந்த சுவடியை ஏந்தி வருந்தியவர்க்கு, மேலட்டை கழன்ற நிரலை ஏந்தி வருந்துவோன் அயலான் அல்லன்.

நிற்க. சீட்டின் கதை நிரலின் கதையினும் நுட்பமானது. வாயிற்காவலன் கிழித்து ஒருபாதி தந்தான் எனின், அச்சீட்டையுடையவன் உள்ளே சென்றான் என்பது பெறப்படும். கிழியாச் சீட்டோ ஒருவன் செல்லாமையைக் காட்டுகிறது. சந்தையில் பெரும்பாலும் மிகுவிலை பெறுவது பின்னதே! 2022-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அமெரிக்காவில் ஒரே ஏலத்தில் இருவகையும் விற்கப்பட்டன. ஒன்று, 1947 ஏப்பிரல் 15-ஆம் நாள் புரூக்ளின் எபட்ஸ் திடலில் ஜாக்கி ராபின்சன் முதன்முறை இறங்கிய பேஸ்பால் ஆட்டத்தின் கிழிந்த பாதிச் சீட்டு. கருநிறத்தார்க்கு நெடுங்காலம் அடைபட்டிருந்த பெருங்குழுக்களின் கதவு திறந்த நாள் அது. விலை 4,80,000 டாலர். மற்றொன்று, 1984 அக்டோபர் 26-ஆம் நாள் சிக்காகோவில் மைக்கேல் ஜோர்டான் என்னும் கூடைப்பந்து வீரர் தொழின்முறையில் ஆடிய முதல் ஆட்டத்தின் முழுச்சீட்டு. அதனை வைத்திருந்தவர் அந்நாளில் கல்லூரி முதலாண்டு மாணவர். இரண்டு சீட்டுப் பெற்றிருந்தும் உடன்வருவார் எவரும் வாய்க்காமையின், ஒன்றைக் கொடுத்து உட்சென்று மற்றொன்றை அப்படியே வைத்துக்கொண்டார். ஜோர்டான் அன்று எடுத்தவை 16 புள்ளிகளே. வாராத நண்பனின் சீட்டு 4,68,000 டாலர் தந்தது. விடுதியில் நம்மை அழைத்தும் நாம் மறுத்த ஆட்டங்களை எண்ணிப் பார்க்குமிடத்து, எத்தனை நண்பர்க்கு இவ்வாறு உதவத் தவறினோமோ!

இனி ஏலம் நடைபெறும் முறையைச் சிறிது கூறுவல். ஏலத்தார் முன்னரே ஒரு பட்டியலை வெளியிடுவர். ஒவ்வோர் உருப்படிக்கும் எண்ணும், விளக்கமும், இன்ன விலையிலிருந்து இன்ன விலைவரை போகலாம் என்னும் மதிப்பீடும் அதில் இருக்கும். இவ்வளவிற்குக் கீழ் விற்கலாகாது என உடையவர் குறித்த விலை ஒன்றுண்டு, அது வெளியிடப்படாது. புதியோர் ஏமாறும் இடம் சுத்தியல் விழுந்தபின்னர் வருகிறது. கேட்ட விலையின்மேல் ஏலத்தார்க்குரிய கூலியையும் வாங்குவோன் செலுத்தல் வேண்டும். 1896 முதல் 1910 வரை வழங்கிய காற்பந்துக் கழகக் கோப்பை 2005-இல் இலண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,20,000 பவுனுக்குக் கேட்கப்பட்டது. கூலியுடன் கொடுத்த தொகை 4,78,400 பவுன். ஐம்பது பவுன் நிரலுக்கும் இவ்விதியே. விளக்கத்தில் வரும் சிறுசொற்களையும் கூர்ந்து படித்தல் வேண்டும். ‘நடுவில் மடிப்பு’, ‘கம்பிக்கொக்கி துருவேறியது’, ‘முன்பு கட்டடம் செய்யப்பட்டது’ என்பன நாம் உரையாசிரியர் சொற்களைப் படிக்கும் உன்னிப்போடு படிக்கத்தக்கன.

போலிகளும் உள. 1923-இன் நிரல் முதலியவற்றை நினைவுக்காக மறுபடியும் அச்சிட்டுள்ளனர். அவற்றைப் பழையன என்று தலையில் கட்டுவோர் உண்டு. காகிதத்தை வெண்மையாகத் தோற்றுவிக்கும் ஒளியூட்டு மருந்து 1950-ஐ ஒட்டியே தாள் ஆலைகளிற் பரவிற்று; எனவே போருக்கு முற்பட்டது எனச் சொல்லப்படும் தாள் புறஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிர்ந்தால் ஐயுறுக. ஆயினும் விளக்கினும் வலியது வழிமரபு; எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்னும் வரலாறு. அதுவும் ஒரோவழி மயக்கும். உலகக் காற்பந்துக் கோப்பையாகிய ஜூல்ஸ் ரீமே கிண்ணத்திற்கு 1966-இல் ஆங்கிலேயர் மறைவாக ஒரு படி செய்வித்தனர். அசல் 1983-இல் ரியோ நகரில் களவுபோயிற்று. 1997-இல் அப்படி ஏலத்திற்கு வந்தபோது, அதுவே அசலாகலாம் என்ற பேச்சு எழுந்தது. 20,000 முதல் 30,000 பவுன் என மதித்ததை உலகக் காற்பந்துச் சம்மேளனத்தார் 2,54,500 பவுன் கொடுத்து வாங்கினர். ஆராய்ந்தபோது அது படியே என்பது தெளிந்தது.

பிறர் மயக்கத்தைக் கூறிய யான் என் பிழையை மறைத்தல் நேர்மையன்று. 1986 செப்டம்பர் 22-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டு ஆட்டம் சமனாய் முடிந்தது. 348 ஓட்டம் வேண்டியிருந்த இந்திய அணியின் கடைசி விக்கெட்டு 347-இல் வீழ்ந்தது. அப்போது எஞ்சியிருந்த பந்து ஒன்றே. டெஸ்டு வரலாற்றில் இவ்வாறு சமனாயினவை இரண்டே. மற்றொன்று 1960-இல் பிரிஸ்பேன் நகரில் நிகழ்ந்தது. அன்று சேப்பாக்கத்தில் வெயிலில் அமர்ந்திருந்தவருள் என் பாட்டனாரும் ஒருவர். கிழிந்த பாதிச் சீட்டைத் தம் அகராதிக்குள் வைத்திருந்தார். அதன் பின்புறத்தே பென்சிலால் ‘347 – சமன்’ என எழுதியிருந்தது. எனக்குப் பதினான்கு வயதானபோது, அவர் பிறந்தநாளுக்கு வியப்பூட்ட எண்ணி, அவரறியாது அச்சீட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று பிளாஸ்டிக் உறையில் வெப்பமிட்டு அடைப்பித்தேன். ஊதா முத்திரை உருகிப் பரந்தது; தாள் கண்ணாடிபோல் ஆகி இருபுறத்து எழுத்தும் ஒன்றோடொன்று கலந்தது. பாட்டனார் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பரவாயில்லை ஐயா, இனி மழையில் நனையாது” என்றார். சென்ற ஆண்டு என் கல்லூரிக் கட்டணத்திற்கு அது உதவுமோ என்றெண்ணி, அவர் சொற்படியே ஏலத்தரகர் ஒருவர்க்குப் படம் அனுப்பினேன். ‘உறையில் அடைபட்டது, கொள்வதற்கில்லை’ என ஒருவரி விடை வந்தது. கட்டணம் வேறு வழியிற் செலுத்தப்பட்டது. சீட்டு மீண்டும் அகராதிக்குட் சென்றது. தடித்துப் போனமையால் அப்பக்கம் இப்போது தானே திறந்துகொள்கிறது.

எனவே தாளை எவ்வாறு பேணுவது என்பதைப் பட்டறிவால் கூறுகின்றேன். வெப்ப உறை ஆகாது. ஒட்டுநாடா ஆகவே ஆகாது. சில ஆண்டில் மஞ்சளாகித் தாளை அரிக்கும். துருவேறிய கொக்கியை நகத்தால் பெயர்க்கற்க. புளிப்புத்தன்மை அற்ற தாளுறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத பெட்டியிற் கிடைநிலையில் வைத்தலே போதும். அகராதியும் நல்லதே, நம்மூர் இராமபாணப் பூச்சி அதனைக் கண்டுகொள்ளாத வரையில்.

இனி வருங்காலத்தார்க்கு இத்தொல்லை குறையும். பெரிய அரங்குகள் பலவற்றில் சீட்டு கைப்பேசித் திரையிலேயே வருகிறது. கட்டங்கட்டமான ஒரு கருங்குறியை வாயிலிற் காட்டி உட்செல்கின்றனர். கிழிப்பதற்கும் ஒன்றுமில்லை, வைப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகளுக்காக உ. வே. சாமிநாதையர் வருந்தினார், விடுவதற்குக் கூட ஏடில்லாத காலம் இது.

சென்ற கோடையில் நம் கல்லூரி விளையாட்டுத் துறையின் பழைய அறை ஒழிக்கப்பட்டபோது, எடைக்குப் போடக் கட்டிவைத்த தாள்களிடையே பழைய விளையாட்டு விழா நிரல்கள் பதினான்கு கிடைத்தன. ஒன்றில் ஓட்டப் பந்தயத்தின் வெற்றி நேரங்களை யாரோ மையால் குறித்துள்ளார். மற்றொன்றில் இரண்டாமிடம் பெற்றவன் பெயரை அடித்து அதன்மேல் வேறு பெயர் எழுதப்பட்டுள்ளது. யாது நிகழ்ந்ததோ அறியேன். இவை இப்போது நூலகரின் இசைவோடு நூலகத்தில் ஒரு பெட்டியில் உள்ளன. இடையே பல ஆண்டுகள் விட்டுப்போயின. பழைய மாணவர் எவரிடமேனும் கல்லூரி விளையாட்டு விழா நிரலோ, கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தின் அறிவிப்போ சீட்டோ இருப்பின், நூலகத்திற்கு அனுப்பியுதவ வேண்டுகின்றேன். விலை கொடுக்க எங்களிடம் பொருளில்லை. எழுத்து விழுந்திருந்தால் அழிக்க வேண்டா, கிழிந்திருந்தால் ஒட்ட வேண்டா, அப்படியே அனுப்புக.