உலர்சலவையும் ஊர்க் கிணறும்

கீழ் வகுப்புகளில் விஞ்ஞானம் கற்ற நாட்களில் நாம் செய்து பார்த்த எளிய பரிசோதனைகளுள் ஒன்று, கண்ணாடிக் குவளையில் நீரையும் தேங்காயெண்ணெயையும் ஊற்றிக் கலக்கியமையாகும். எவ்வளவு கலக்கினும் எண்ணெய் சிறிது நேரத்தில் மேலெழுந்து மிதக்கும். நீரிற் கரையாத திரவம் நீரின்மேல் மிதக்கும் என்று நம்மிற் பலர் அன்றே மனத்திற் பதித்துக்கொண்டோம். அம்முடிபு முழு உண்மையன்று. நீரிலும் பாரமான திரவங்கள் உள. அவை மிதப்பதில்லை, அடியில் ஆழ்ந்துவிடுகின்றன. இச்சிறு வேறுபாட்டை அறியாமையால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எத்தனையோ ஊர்களின் குடிநீர் கெட்டது. அவ்வரலாற்றையும், கிணற்று நீரையே நம்பி வாழும் நாம் அதிலிருந்து கற்கவேண்டியவற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

உலர்சலவையின் வரலாறு

உலர்சலவை என்னும் பெயர் சிறிது மயக்கந் தருவது. அது உலர்ந்த சலவையன்று. நீருக்குப் பதிலாக வேறொரு திரவத்தால் துணியைக் கழுவுதலே அது. கம்பளி, பட்டு முதலியன நீரிற் பட்டாற் சுருங்கும், சாயம் ஓடும். எண்ணெய்க் கறையோ நீரால் நீங்காது. 1821ஆம் ஆண்டிலே தோமஸ் ஜெனிங்ஸ் என்னும் நியூயோர்க் நகரத் தையற்காரர் இத்தகைய சலவை முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டிற் காப்புரிமை பெற்ற முதல் ஆபிரிக்க வமிசத்தவர் அவரே என்பர். பின்னர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாரிஸ் நகரில் இத்தொழில் வளர்ந்தது. ஆரம்பத்திற் பயன்பட்டவை பெற்றோலிய வகைத் திரவங்கள். அவை எளிதில் தீப்பற்றுவன. ஆதலாற் சலவைக் கடைகள் அடிக்கடி எரிந்தன.

இத்தீமைக்கு மாற்றாக 1930ஆம் ஆண்டுகளில் வந்ததே நாற்குளோரோவெதிலீன். இரண்டு காபன் அணுக்களும் நான்கு குளோரீன் அணுக்களுஞ் சேர்ந்த நிறமற்ற திரவம் அது. தொழிலாளர் அதனைச் சுருக்கமாகப் 'பேர்க்' என அழைப்பர். அதனை முதன்முதலில் 1821ஆம் ஆண்டில் ஆக்கியவர் மைக்கேல் பரடே. அது தீப்பற்றாது, கொழுப்பை நன்கு கரைக்கும், துணியைக் கெடுக்காது, வடித்தெடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். தீயிலிருந்து தப்புவதற்காகவே இதனைக் கொணர்ந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஓர் ஆபத்தை நீக்க வந்த பொருள் மற்றோர் ஆபத்தை மறைத்துக்கொண்டு வந்தது.

நிலத்தினுள் நிகழ்வது

ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். ஒரு லீற்றர் பேர்க்கின் நிறையோ ஏறக்குறைய 1.62 கிலோகிராம். நிலத்திற் சிந்திய மண்ணெண்ணெய் நீர்மட்டம் வரை இறங்கி, அங்கே மிதந்து நிற்கும். பேர்க் நீர்மட்டத்தைக் கடந்தும் இறங்கும். களிமண் படையொன்று தடுக்கும் வரை, அன்றிப் பாறைப் பிளவொன்றிற் சிக்கும் வரை அதன் பயணம் நிற்பதில்லை. அங்கே தேங்கிக் கிடந்து, தன்னைக் கடந்து செல்லும் நீரிற் சிறிது சிறிதாகப் பல்லாண்டுகள் கரைந்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. அமெரிக்காவிற் குடிநீரில் இப்பொருளுக்கு விதித்த வரம்பு லீற்றருக்கு 5 மைக்கிரோகிராம். 1 கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே 1 மைக்கிரோகிராம். ஒரு லீற்றர் பேர்க்கிலுள்ள 1,620 கிராமை இவ்வரம்பிற்கு ஐதாக்க வேண்டுமாயின் ஏறக்குறைய 32 கோடி லீற்றர் நீர் வேண்டும். நாளொன்றுக்கு 1,000 லீற்றர் இறைக்கும் வீடொன்று அவ்வளவு நீரை இறைத்து முடிக்க 880 ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு போத்தற் கழிவென அலட்சியமாக ஊற்றப்பட்டதன் அளவு இது. இவ்வரம்பிற் கலந்த நீரை நாவாலோ மூக்காலோ அறிய முடியாது. வரம்பைப் பலமடங்கு கடந்த பின்னரே மணம் புலப்படும்.

இது நிலத்தினுட் புகுந்த வழிகள் பல. இயந்திரங்கள் கசிந்தன. வடித்தபின் எஞ்சிய சேறு கடையின் பின்புறம் கொட்டப்பட்டது. பேர்க்கிலிருந்து பிரிக்கப்பட்ட கழிவுநீரைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினர். அந்நீர் சுத்தமானதென்றே பலர் எண்ணினர். ஆயின் அதிற் கரைந்திருந்த பேர்க் குழாய்களின் மூட்டுகள் வழியே மண்ணுட் கசிந்தது. கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கு நீர்த்தர சபை 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, தரைக்கீழ் நீரிற் காணப்படும் இம்மாசுக்குச் சலவைக் கடைகளும் அவற்றின் சாக்கடைகளும் பெருங் காரணம் என எடுத்துக்காட்டியது.

கடை மூடப்பட்டாலும் தீமை மூடப்படுவதில்லை. அவ்விடத்திற் பின்னர் புத்தகசாலையோ சிற்றுண்டிச்சாலையோ வந்திருக்கலாம். பேர்க்கின் ஆவி மண்ணினூடே மேலெழுந்து, தரையின் வெடிப்புகள் வழியே வீட்டினுட் புகும். குழாய் நீரைக் குடிக்கும் வீட்டாரையும் இது விட்டுவைப்பதில்லை. பழைய சலவைக் கடைகளின் அயலில் வாழ்வோர் இன்று கேட்கும் முதற் கேள்வி 'நீரைக் குடிக்கலாமா' என்பது; அடுத்த கேள்வி 'எங்கள் அறையிற் காற்றைச் சுவாசிக்கலாமா' என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிலையம் இப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றுள் ஒன்றாக, 2ஏ வகுப்பில் வைத்துள்ளது.

ஒரு குடியிருப்பின் கதை

வட கரோலினா மாநிலத்தில் லெஜூன் முகாம் என்னும் கடற்படைவீரர் தளம் உண்டு. அதன் குடியிருப்புகளுள் ஒன்று தறாவா ரெறஸ். வீரர்களின் மனைவியரும் குழந்தைகளும் வாழ்ந்த இடம் அது. தளத்தின் எல்லைக்கு வெளியே, தெருவோரத்தில், 1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலிருந்து ஓர் உலர்சலவைக் கடை நடந்து வந்தது. அதன் கழிவுநீர் மலக்கூடக் குழியொன்றினூடாக மண்ணிற் சேர்ந்தது. வடித்தபின் எஞ்சிய கழிவைக் கொண்டு கடைப்பாதையின் குழிகளையும் நிரப்பினர். ஏறக்குறைய 900 அடி தூரத்தில் அக்குடியிருப்பின் நீர்க்கிணறொன்று இருந்தது. கிணறு இறைக்க இறைக்க, மாசு அதனை நோக்கி இழுக்கப்பட்டது.

1982ஆம் ஆண்டில் ஆய்வுகூடம் ஒன்று அந்நீரிற் பேர்க் உண்டென அறிவித்தது. மாசு மிகுந்த கிணறுகள் மூடப்பட்டதோ 1985 பெப்ருவரியில். அக்காலத்தில் இப்பொருளுக்குக் கட்டாய வரம்பு எதுவும் இருக்கவில்லை. 1985ஆம் ஆண்டில் வழங்கல் நீரிற் கண்ட உச்ச அளவு லீற்றருக்கு 215 மைக்கிரோகிராம். அஃதாவது பின்னர் வந்த வரம்பின் 43 மடங்கு. 1957 நவம்பர் தொடக்கம் அந்நீர் வரம்பைக் கடந்திருக்க வேண்டும் என அரசாங்க விஞ்ஞானிகள் பிற்காலத்திற் கணித்தனர். ஒரு தலைமுறைக் காலம் முழுவதும் தாய்மார் அந்நீரிலே பால்மாக் கரைத்தனர், குழந்தைகளை நீராட்டினர்.

அத்தளத்தில் வாழ்ந்த வீரர் ஒருவரின் மகள் 1985ஆம் ஆண்டில், தன் ஒன்பதாம் வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். நீர் கெட்டிருந்த செய்தியை அத்தந்தை 1997ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி வாயிலாகவே அறிந்தார். அதன்பின் அவரும் அவரையொத்தோரும் ஓயாது முறையிட்டதன் பயனாக 2012ஆம் ஆண்டில் மருத்துவ உதவிக்கான சட்டம் ஒன்று பிறந்தது. அச்சிறுமியின் பெயரும் அதனோடு இணைந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் நட்டஈடு கோரி வழக்கிடும் உரிமையையும் அளித்தது. தளத்தின் வேறொரு பகுதியில் நீரைக் கெடுத்தவை தளத்தின் சொந்தக் கழிவுகளே என்பதையும் நடுநிலையோடு கூறல் வேண்டும். பழி முழுவதும் ஒரு சலவைக் கடையின்மேல் இல்லை.

துப்புரவு செய்தல்

கெட்ட நிலத்தைத் திருத்த வழியுண்டு. எளிய வழிதான் இல்லை. மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுக்கலாம். நீரை இறைத்துக் காற்றூட்டியோ கரிப்படையினூடாகச் செலுத்தியோ தூய்மையாக்கலாம். வீட்டின் தரைக்குக் கீழே குழாயும் விசிறியும் அமைத்து ஆவியைக் கூரைக்கு மேலே வெளியேற்றலாம். பேர்க்கின் குளோரீன் அணுக்களை ஒவ்வொன்றாக அகற்றித் தீங்கற்ற எதிலீனாக மாற்றவல்ல பற்றீரியா ஒன்றை 1997ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் விவரித்தனர். ஆயின் அவ்வேலை நடுவில் நின்றுவிட்டாற் பேர்க்கிலும் கொடிய வைனைல்குளோரைட்டு எஞ்சும். ஆதலால் இதுவும் கண்காணிப்போடு செய்யவேண்டிய மருத்துவமே. சில குடும்பத்தினர் நீரைக் கொதிக்கவைத்தாற் போதுமென்பர். கொதி கிருமியைக் கொல்லும். பேர்க்கையோ நீரிலிருந்து அடுக்களைக் காற்றுக்கு மாற்றும், அவ்வளவே.

பொருட்செலவை யார் ஏற்பது என்பது அடுத்த வினா. கடைக்காரர் பெரும்பாலும் சிறு முதலாளிகள். பலர் இறந்தும் போயினர். வட கரோலினா 1997ஆம் ஆண்டில் தனிச் சட்டமியற்றி, இத்தொழிலின்மேல் விதித்த வரியைக்கொண்டே பழைய இடங்களைத் துப்புரவாக்க நிதி அமைத்தது. கலிபோர்னியா 2007ஆம் ஆண்டிற் செய்த முடிவின்படி 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்துடன் கடைகளிற் பேர்க்கின் பயனை ஒழித்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசின் சுற்றாடல் முகவர் நிலையமும் பத்தாண்டுகளிற் படிப்படியாக ஒழிக்கும் விதியை வெளியிட்டது.

நமது சுண்ணாம்புக்கல்

இவையனைத்தும் கடல் கடந்த கதையென்று நாம் இருந்துவிடல் ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லிற் புகுந்து, உவர்நீரின்மேல் நன்னீராக நிற்கின்றது; அதனையே நாம் கிணறுகளால் எடுக்கின்றோம். மணல் நிலத்தில் நீர் மெல்ல ஊறும். சுண்ணாம்புக்கல்லிலோ பிளவுகளும் குகைகளும் உள. அவற்றினூடாக நீரும் விரையும், அதனோடு மாசும் விரையும். ஒரு வளவிற் சிந்தியது அடுத்த வளவோடு நிற்குமென எவரும் உறுதி கூற முடியாது.

இதற்குச் சான்று சுன்னாகம். அங்குள்ள அனல்மின் நிலையத்தின் அயற் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்களை வீதிக்குக் கொணர்ந்தது. பொதுநலன் கருதித் தொடுக்கப்பட்ட வழக்கில், 2019 ஏப்பிரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியின்படி, மின்நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அங்கே மக்கள் விழித்தெழுந்ததற்கு எண்ணெயின் இயல்பும் ஒரு காரணமாகும். எண்ணெய் மிதந்தது, வாளியிற் படிந்தது, மணத்தது. மிதவாத திரவமாயின் வாளியும் காட்டாது, மூக்கும் கூறாது. இத்தகைய குளோரீன் கரைப்பான்கள் உலோகப் பாகங்களிற் கிறீஸ் அகற்றவும் உலகெங்கும் பயன்பட்டவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆதலால் நாம் செய்யத்தக்கன சில உள. தொழிற்சாலை, வாகனத் திருத்தகம், சலவை நிலையம் ஆகியன எங்கே இருந்தன, அவற்றின் கழிவு எங்கே சென்றது என்பதை ஊரிலுள்ள முதியோரைக் கேட்டுப் பதிவு செய்தல் முதலாவது. அத்தகைய இடங்களின் அயற் கிணறுகளைக் கண்ணை நம்பாது ஆய்வுகூடத்தாற் சோதிப்பித்தல் இரண்டாவது. பாழ்ங்கிணற்றையும் பயன்படாக் குழியையும் கழிவுத் தொட்டியாக்கும் வழக்கத்தை ஒழித்தல் மூன்றாவது. கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் இரசாயனம் கற்றோரும் வழக்கறிஞரும் உளர். இவர்கள் ஒருங்கு கூடின் இம்மூன்றும் இயலாதன அல்ல.

நம் முன்னோர் கல்லைப் பிளந்து கிணறு தோண்டினர். அதன் நீரைத் தெளிவாகவே நம்மிடம் ஒப்படைத்தனர். இக்கல்லூரியில் இன்று பயிலும் சிறுவர்க்கும் அதனை அவ்வாறே ஒப்படைத்தல் நம் கடனாகும்.